கொடுத்ததை எடுப்பது களவாகுமா? திறமூல ஒலித்தொகுப்பிகளும் படியெடுப்பின் அறமும்



மொழி வளர்ச்சிக்கென அமைந்த ஒரு மன்றத்தின் சொற்பொழிவு வரிசையில் மின்னணு இசைக்கருவிக்கு என்ன வேலை என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். நான் பேச வந்திருப்பது கருவியைப் பற்றி மட்டுமன்று. ஒருவர் தம் உழைப்பின் பயனை எல்லாருக்கும் உரியதாக்கி வெளியிடுகிறார். மற்றொருவர் அதை எடுத்துத் தம் பெயரில் மலிவாகச் செய்து விற்கிறார். சட்டம் இதைத் தடுக்கவில்லை. கொடுத்தவரே எழுத்து மூலம் இசைவு தந்திருக்கிறார். அப்படியிருந்தும் இதைக் கேட்கும் பலருக்கு மனம் உறுத்துகிறது. அந்த உறுத்தலுக்குக் காரணம் உண்டா, அல்லது அது வெறும் பழக்கமா என்பதே இன்றைய கேள்வி. பாடநூலையும் கணினியையும் ஒருசேரக் கையாளும் நம் வகுப்பறைகளில் இது நாள்தோறும் எழும் கேள்வியுங்கூட.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'சிந்தசைசர்' எனப்படுவதை ஒலித்தொகுப்பி என்று குறிப்பிடுகிறேன். அதன் மின்சுற்று வரைபடம், அச்சுப்பலகையின் அமைப்பு, உள்ளே இயங்கும் நிரல் ஆகிய மூன்றையும் யாரும் பார்க்கவும் மாற்றவும் செய்து விற்கவும் உரிமை தந்து வெளியிட்டால் அதைத் திறமூல வடிவம் என்கிறோம். அதைப் பார்த்துச் செய்த கருவியை என்னவென்று அழைப்பது? படி என்கிறோம், நகல் என்கிறோம், சினம் வந்தால் போலி என்கிறோம்.

'போலி' என்ற இந்தச் சொல் சற்று நின்று நோக்கத்தக்கது. கடைத்தெருவில் அது ஏமாற்றைக் குறிக்கும். இலக்கணத்திலோ அது முற்றிலும் நேர்மையான சொல். அறம் என்பது அறன் என்றும், பந்தல் என்பது பந்தர் என்றும் வருவதைப் போலி என்கிறது நன்னூல். ஓர் எழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து நிற்கிறது, பொருள் மாறவில்லை, யாரும் ஏமாறவும் இல்லை. ஒரே சொல்லுக்குள் இவ்விரு பொருளும் இருப்பது நமக்கு வசதியாகவே இருக்கிறது. ஒன்றன் இடத்தில் மற்றொன்று நிற்பது குற்றமாவது எப்போது, ஆகாதது எப்போது என்று பிரித்தறிவதுதானே இங்கு நம் வேலை.

இனி வரலாற்றுக்கு வருவோம். ஒலித்தொகுப்பியின் வரலாறே படியெடுப்பின் வரலாறு என்றால் மிகையாகாது. அமெரிக்கரான ராபர்ட் மூக், சிறுவயதில் ஓர் இதழில் வெளிவந்த வரைபடத்தைப் பார்த்துத் தெரெமின் என்னும் கருவியைக் கட்டிப் பழகியவர். பின்னாளில் அவர் வடிவமைத்த 'ஏணி' வடிப்பான் சுற்றுக்கு 1969இல் காப்புரிமை கிடைத்தது. போட்டி நிறுவனமான ஏ.ஆர்.பி. அதை ஒத்த சுற்றொன்றைத் தன் கருவிகளில் பயன்படுத்தி, பின்னர் வேறு சுற்றுக்கு மாறிக்கொண்டது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமை, வழங்கப்பட்ட நாளிலிருந்து 17 ஆண்டுகள் நிலைக்கும். அதன் பிறகு அந்தச் சுற்று உலகின் பொதுச்சொத்து. இன்று எத்தனையோ கருவிகளுக்குள் அது இருக்கிறது. யாரும் அதைக் களவு என்பதில்லை.

அடுத்த எடுத்துக்காட்டு இன்னும் சுவையானது. 1981இல் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் டி.பி.-303 என்ற சிறு கருவியை வெளியிட்டது. கித்தார் வாசிப்பவர்க்குத் தாழ்சுரத் துணை தருவது அதன் நோக்கம். அந்த நோக்கத்தில் அது தோற்றது. 1984இல் உற்பத்தி நின்றது. ஆனால் பழைய பொருள் கடைகளில் மலிவாகக் கிடைத்த அதே கருவியைக் கொண்டு சிகாகோ இளைஞர்கள் 1980களின் பிற்பகுதியில் ஒரு புதிய நடன இசையையே உண்டாக்கினார்கள். (அதற்கும் முன்பே, 1982இல், மும்பையின் சரண்ஜித் சிங் அதே கருவியில் இராகங்களை இசைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டிருந்தார் என்பது தனிச்செய்தி, அன்று அதைக் கேட்டவர் சிலரே.) தேவை பெருகியது, பழைய கருவிகளின் விலை ஏறிக்கொண்டே போனது. ரோலண்டோ அதை மீண்டும் செய்யவில்லை. 2005இல் லிமோர் ஃபிரைட் என்ற பொறியாளர் அந்தக் கருவியின் சுற்றை ஆராய்ந்து 'ஸாக்ஸ்பாக்ஸ்' என்ற பெயரில் ஒரு படியை உருவாக்கினார். அதன் வரைபடங்களையும் நிரலையும் எல்லாருக்கும் திறந்துவிட்டார். திறமூல ஒலித்தொகுப்பிகளுள் முன்னோடியான ஒன்று, தானே ஒரு படியாகப் பிறந்தது என்பதை மறவாதிருப்போம். படியெடுப்பவரை ஒரே சொல்லால் பழிக்க முற்படும்போதெல்லாம் எனக்கு இந்தக் கருவிதான் நினைவுக்கு வருகிறது.

இப்போது நம் வழக்கின் மையத்துக்கு வருகிறேன். பாரிஸ் நகரில் எமிலி ஜில்லே என்ற பொறியாளர் மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்தை நடத்திவந்தார். அவருடைய தொடக்கக் காலக் கருவிகளுக்கு இட்ட பெயர்கள் நம் காதுக்கு அயலானவை அல்ல: ஷ்ருதி, அம்பிகா, அனுஸ்ரீ. 2013 முதல் அவர் 'யூரோரேக்' வகைத் தொகுதிகளுக்கு மாறினார். யூரோரேக் என்பது, ஒரு சட்டகத்துக்குள் பல நிறுவனங்களின் சிறுசிறு தொகுதிகளைப் பொருத்தி, கம்பிகளால் இணைத்து, அவரவர் விருப்பப்படி ஒரு கருவியை ஆக்கிக்கொள்ளும் முறை. ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் 1990களின் நடுவில் தன் அளவுகளையும் மின்னழுத்தத்தையும் வெளிப்படையாக அறிவிக்க, பிறர் அதைப் பின்பற்றினார்கள். ஆக, இந்தச் சந்தை முழுவதுமே இசைவு பெற்ற பின்பற்றலின்மேல் எழுந்ததுதான்.

ஜில்லேயின் தொகுதிகளுள் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். 'கிளவுட்ஸ்' உள்ளே வரும் ஒலியை நினைவகத்தில் பதிந்து, மணிமணியாக நறுக்கித் தூவுகிறது. 'ரிங்ஸ்' ஒரு தந்தியோ தட்டோ அதிர்வதைக் கணக்கிட்டு ஒலிக்கிறது; அதன் ஒரு முறைமையில், மீட்டப்படாத தந்திகளும் உடனதிர்வதைக் கேட்கலாம். சிதார் அருகே அமர்ந்து கேட்டவர்க்கு இது எளிதில் விளங்கும். 2018இல் வந்த 'பிளைட்ஸ்' பதினாறு வகையான ஒலியாக்க முறைகளை ஒரே தொகுதிக்குள் அடக்கியது. பிளைட்ஸின் வெளித்தோற்றம் எளியது; எளிமைக்குப் பின்னே பல ஆண்டுச் சிந்தனை இருக்கிறது.

இவற்றின் வரைபடங்களையும் நிரல்களையும் ஜில்லே வெளியிட்டார். எந்த உரிமத்தின் கீழ் என்பதுதான் நம் கவனத்துக்குரியது. சுற்று வரைபடங்களுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். அது இரண்டு கேட்கிறது: ஆக்கியவர் பெயரைச் சொல், நீ மாற்றிச் செய்ததையும் இதே உரிமத்தில் பகிர். புதிய தொகுதிகளின் நிரல்களுக்கு எம்.ஐ.டி. உரிமம். அது கேட்பது ஒன்றே: உரிமை அறிவிப்பையும் இசைவு வாசகத்தையும் நீக்காதே. மாற்றங்களைப் பகிர வேண்டும் என்ற நிபந்தனைகூட அதில் இல்லை. விற்பனைக்குத் தடை இரண்டிலும் இல்லை. இவற்றோடு ஒரு குறிப்பும் சேர்த்திருந்தார்: நிறுவனத்தின் பெயர் பதிவுபெற்ற வணிகக்குறி, ஆகவே அதை வழிப்பொருள்களின்மேல் இடலாகாது, தொகுதியின் பெயரையும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டாம், புதிய பெயர் சூட்டுங்கள் என்பது அக்குறிப்பின் சாரம்.

இதன் விளைவைப் பாருங்கள். கிளவுட்ஸ் 2017இல் உற்பத்தியிலிருந்து நின்றபோதும் கருவி சாகவில்லை. சிறு பட்டறைக்காரர் பலர் அதைப் பாதி அகலத்துக்குச் சுருக்கியும், பிடிகளைக் கூட்டியும், புதுப்பெயரிட்டும் செய்தார்கள். கணினிக்குள் இயங்கும் மென்பொருள் வடிவங்கள் வந்தன. பிளைட்ஸின் ஒலியாக்க முறைகள் பிரான்சின் ஆர்ட்டூரியா நிறுவனத்தின் 'மைக்ரோஃபிரீக்' கருவிக்குள்ளும், 'சர்ஜ்' என்னும் இலவச மென்பொருளுக்குள்ளும் இடம்பெற்றன. அந்நிரலைக் கற்றுக்கொண்டே இத்துறைக்கு வந்த இளைஞர் பலர். பின்னர், பிளைட்ஸ் இன்னும் விற்பனையில் இருக்கும்போதே, பெரும் உற்பத்தித்திறன் கொண்ட பெரிங்கர் நிறுவனம் அதே நிரலின் அடிப்படையில் 'பிரெயின்ஸ்' என்ற தொகுதியை மிகக் குறைந்த விலையில் கொண்டுவந்தது. அப்போதுதான் இசைக்கலைஞரிடையே வாதம் மூண்டது.

ஒரு சாரார் சொன்னது: உரிமம் இடம் தருகிறது, பிறகென்ன? மறு சாரார் சொன்னது: சட்டம் இடம் தந்தாலும் இது முறையன்று. இரண்டு கூற்றும் அரைகுறையானவை என்பது என் கருத்து.

முதற்கூற்றின் வலிமையை ஒப்புக்கொண்டே தொடங்க வேண்டும். விற்பனைக்கு இடமில்லாத உரிமங்களும் உலகில் உண்டு. ஜில்லே அவற்றுள் ஒன்றைத் தேர்ந்திருக்கலாம். அவர் தேரவில்லை. அறிந்து கொடுத்ததை எடுத்தவரைக் கள்வர் என்பது, கொடுத்தவரை ஏமாளி என்று சொல்வதற்கு ஒப்பாகும். அது அவருக்குச் செய்யும் மரியாதை அன்று. மேலும், விலை குறைவதால் பயனடைவோர் யார்? யூரோரேக் செல்வர்களின் விளையாட்டு என்ற பெயர் பெற்றது. கிள்ளானிலோ ஜுரோங்கிலோ ஓர் உயர்நிலைப்பள்ளி மாணவர் தம் சேமிப்பில் ஒரு தொகுதியை வாங்க முடிகிறதென்றால் அது மலிவுப்படியால் மட்டுமே இயலக்கூடும். அந்த மாணவரின் மகிழ்ச்சியைக் கணக்கில் சேர்க்காத அறம் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் உரிமம் என்பது என்ன? நான் உன்மேல் வழக்குத் தொடுக்கமாட்டேன் என்ற உறுதிமொழி. அதற்குமேல் அது ஒன்றும் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்தவரை 'எல்லாம் எடுத்துச் சாப்பிடுங்கள்' என்று உபசரிக்கிறோம். பானையைக் கவிழ்த்து வழித்துக்கொண்டு போனவர்மேல் வழக்கில்லை. ஆயினும் அவரைப் பற்றி ஊர் பேசும். உரிமத்தில் எழுதாத கடமைகள் உண்டு என்பதை ஊரார் அறிவர். அவை எவை என்று சொல்லத்தான் சற்று உழைக்க வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பதிப்புரிமை காப்பது வரைபடத்தை. வரைபடம் விவரிக்கும் சுற்றின் செயலை அன்று. ஒருவர் கருவியை வாங்கி, பிரித்துப் பார்த்து, சுற்றைப் புதிதாக வரைந்துகொண்டால் பழைய வரைபடத்தின் உரிமம் பெரும்பாலும் அவரைக் கட்டுப்படுத்தாது. நிரலுக்கு இந்தத் தப்பும் வழி இவ்வளவு எளிதில் கிட்டாது. அதனால்தான் வன்பொருளில் 'அதேபோல் பகிர்' என்ற நிபந்தனை சட்டச் சங்கிலியாக இருப்பதைக் காட்டிலும் வேண்டுகோளாகவே இருக்கிறது. இக்குறையைச் சரிசெய்ய ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2011இல் வன்பொருளுக்கெனத் தனி உரிமம் வகுத்தது. 2020இல் அதை மூன்று தரங்களாகப் பிரித்துப் புதுப்பித்தது. ஆயினும் சட்டத்தின் கை தளரும் இடத்தில்தான் அறத்தின் பேச்சு தொடங்குகிறது. சட்டம் முற்றாகக் காக்குமானால் நாம் இங்கே கூடிப் பேச வேண்டியதில்லை.

அந்த அறத்துக்கு நம் மரபில் ஓர் அளவுகோல் இருக்கிறது. நூல்களை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என மூன்றாக்குகிறது நன்னூல். தொல்காப்பியமோ வழிநூல் செய்யும் முறைகளை நான்காக வகுக்கிறது: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல். வழிநூல் இழிந்ததென்று எங்கும் சொல்லவில்லை. ஆனால் சிறப்புப் பாயிரத்தில் சொல்ல வேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரும் வழியும் முதல் இரண்டு. இந்நூல் யாரால் ஆயிற்று, எதன் வழியில் ஆயிற்று என்று வாசலிலேயே அறிவித்துவிட வேண்டும். வழிநூலாசிரியர் தாம் வேண்டும் வேறுபாட்டைச் சேர்த்துச் சொல்ல இடமுண்டு. மரபை அழிக்க இடமில்லை. மின்சுற்றுக்கு இந்த இலக்கணம் எழுதப்படவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் அதைக் கையிலெடுத்து அளந்து பார்த்தால் பல செய்திகள் தெளிவாகின்றன.

கிளவுட்ஸைச் சுருக்கியவர் தொகுத்தார். பிடிகளைக் கூட்டியவர் விரித்தார். கணினிக்குக் கொண்டுசென்றவர் மொழிபெயர்த்தார். அவர்கள் 'இது இன்னாருடைய கிளவுட்ஸ் வழியில் வந்தது' என்று முகப்பிலேயே சொல்லும்போது வாங்குபவர் அறிந்தே வாங்குகிறார். அசலைத் தேடிச் செல்லவும் கற்கிறார். அதே சொற்றொடரைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வைப்பவரும் உரிமத்தை நிறைவேற்றியவர்தாம். பாயிரத்தை நிறைவேற்றியவர் அல்லர். பெயர் சொல்வது சடங்கன்று. சிறு வடிவமைப்பாளருக்கு அடுத்த கருவியைச் செய்யும் வாய்ப்பைத் தருவது அந்தப் பெயர்தான். விற்பனைத் தொகையில் பங்கு கேட்காத ஒருவர் பெயரையாவது கேட்கிறார். அதையும் மறைப்பது கஞ்சத்தனம்.

இரண்டாவது, திரும்பக் கொடுத்தல். எம்.ஐ.டி. உரிமம் இதைக் கேட்பதில்லை என்றேன். ஆனால் பொதுக்குளத்திலிருந்து நீரெடுப்பவர் எல்லாரும் தூர்வாரும் நாளில் வராமற்போனால் குளம் என்னவாகும்? எடுத்த நிரலில் ஒரு பிழையைக் கண்டு திருத்தியவர் அத்திருத்தத்தையேனும் வெளியிடலாம். செலவு ஒன்றுமில்லை.

மூன்றாவதுதான் கடினமானது, காலமும் வலிமையும் பற்றியது. ஒரு தொகுதியின் விலையில் உறுப்புகளின் விலை உண்டு, கூலி உண்டு, ஆய்வுக்குச் செலவிட்ட ஆண்டுகள் உண்டு. பெருநிறுவனம் முதலிரண்டையும் மொத்தக் கொள்முதலால் குறைக்கிறது. மூன்றாவதைத் திறமூலத்தால் பெறுகிறது. அசல் செய்தவர் அந்த விலைக்கு ஒருபோதும் இறங்க இயலாது. அவர் வாழ்வே அந்த விற்பனையைச் சார்ந்திருக்கும் நாளில் இதைச் செய்வதும், அவர் உற்பத்தியை நிறுத்திய பிறகு செய்வதும் சட்டத்துக்கு ஒன்றே. எனக்கு ஒன்றல்ல. எந்த உரிமத்திலும் 'பொறு' என்ற சொல் இல்லை. வலிமையுள்ளவர் தாமே சேர்த்துக்கொள்ள வேண்டிய சொல் அது. அதே வேளையில், 'திறமூலம்' என்பதை விளம்பரத்துக்குப் பயன்படுத்திவிட்டு, யாரேனும் உண்மையிலேயே எடுத்தபோது பழிதூற்றும் வடிவமைப்பாளர்களும் உண்டு. அவர்களுக்கும் ஒரு சொல்: கொடுக்க மனமில்லையெனில் கொடுக்காதிருப்பது இழிவன்று.

பள்ளிக்கு இது எங்கே வருகிறது? வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்துக்கு நாம் வாங்கும் ஆர்டுயினோ பலகைகளை எண்ணிப் பாருங்கள். அதுவும் திறமூலம். விலையில் பாதிக்கும் குறைவான படிகள் ஏராளம், பலவற்றில் யு.எஸ்.பி. இணைப்புக்கான சில்லு மட்டும் மலிவானதாக மாற்றப்பட்டிருக்கும், அதனால் கணினியில் தனி இயக்கியை நிறுவ வேண்டியிருக்கும். ஆர்டுயினோ நிறுவனர்களுள் ஒருவரான மாசிமோ பான்சி 2013இல் இதைப் பற்றி எழுதியபோது வழிவந்தவை, படிகள், போலிகள் என்று தெளிவாகப் பிரித்தார். வடிவத்தை எடுத்துத் தம் பெயரில் விற்பவரை அவர் போலி செய்பவராகக் கொள்ளவில்லை. ஆர்டுயினோ என்ற பெயரையும் குறியையும் இட்டு விற்பவரே போலி செய்பவர். அப்பெயருக்கும் ஒரு கதை இருக்கிறது. ஆர்டுயினோவுக்கு முன், 2003இல், இத்தாலியின் இவ்ரேயா நகரில் எர்னாண்டோ பாரகான் என்ற மாணவர் தம் முதுகலை ஆய்வாக 'வயரிங்' என்ற பலகையை உருவாக்கினார். ஆர்டுயினோ அதன் வழியில் வந்தது. தமக்குரிய இடம் போதிய அளவு சொல்லப்படவில்லை என்று 2016இல் பாரகான் விரிவாக எழுதினார். படியெடுக்கப்பட்டவரும் ஒரு காலத்தில் எடுத்தவரே. வழி சொல்லும் கடமை சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் உரியது.

சிங்கப்பூரின் 2021ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் ஆக்கியோர்க்குத் தம் பெயர் குறிப்பிடப்படும் உரிமையைத் தந்தது. மின்சுற்றின் செயலுக்கு அது எட்டாவிட்டாலும், பெயர் என்பது பணத்தினின்று வேறான ஓர் உரிமை என்று சட்டமே ஒப்புக்கொண்டது குறிப்பிடத்தக்கது.

மியூட்டபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 2022இல் தன் பணியை முடித்துக்கொண்டது. அதன் தொகுதிகளை இன்றும் சிறு பட்டறைகள் செய்கின்றன. பழுதானவற்றை வரைபடம் பார்த்துச் சரிசெய்ய முடிகிறது. வடிவத்தைப் பூட்டி வைத்த எத்தனையோ நிறுவனங்களின் கருவிகளுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அங்கே உதவி கேட்கவும் ஆளில்லை, உடைந்ததைத் திருத்த வரைபடமும் இல்லை.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் கண்காட்சிக்கு ஒரு கருவியைக் கட்டும்போது, அச்சுப்பலகையில் வெள்ளை எழுத்து அச்சிடும் இடம் சிறிது மீந்திருக்கும். அதில் நான்கு வரி எழுதச் சொல்லுங்கள்: எதன் வழியில் வந்தது, முதலில் ஆக்கியவர் யார், எந்த உரிமம், நான் மாற்றியது என்ன. நான்காம் வரியில் எழுத எதுவும் இல்லையெனில் 'மாற்றமில்லை' என்றே எழுதட்டும். அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். முதல் மூன்று வரிகள் இல்லாவிட்டால் குறையுங்கள். பத்தாம் வகுப்பு மாணவருக்கு இது மிகை என்று நினைப்பவர்கள் இப்போது என்னோடு வாதிடலாம், நேரம் இருக்கிறது.